மீள மீளச் சாதல்: ‘சீக்ரெட் லெவல்’ அசைவூட்டத் தொடர் பற்றிச் சில விமரிசனக் குறிப்புகள்

வெகுசனக் கலை வடிவங்களை ஆய்வுப் பொருளாகக் கொள்ளலாமா என்ற வினா நமது பல்கலைக்கழகங்களில் எப்பொழுதோ தீர்ந்துவிட்டது. தமிழ்த் திரைப்படத்தை ஓர் அரசியற் தொடர்பூடகமாகக் கொண்டு கா. சிவத்தம்பி ஆங்கிலத்தில் எழுதிய நூல் 1981 இல் வெளிவந்தது. அதன் பின்னர், ‘இவையும் இலக்கிய மாணவருக்கு உரியனவா’ என்று முகஞ்சுளிக்கும் வழக்கம் மெல்ல மெல்ல ஓய்ந்தது. எனினும் வீடியோ விளையாட்டு என்றவுடன் அதே சுளிப்பு மீண்டும் தலைகாட்டுகின்றது. சிறுவரின் பொழுதுபோக்கு, வன்முறையின் பயிற்சிக்கூடம், ஏகாதிபத்தியப் பண்பாட்டின் கழிவு என்பவற்றுள் ஏதேனும் ஒன்றைக் கூறிவிட்டு நம்மவர் பேச்சை முடித்துக்கொள்கின்றனர். மூன்றிலும் உண்மை இல்லாமலில்லை. ஆயினும், திருகோணமலைத் துறைமுகத்தையடுத்த தெருக்களிலே மாலை வேளைகளில், கடை வாசல்களிலும் மதகுகளிலும் அணியாக அமர்ந்து, கைப்பேசியை நோக்கித் தலைகுனிந்தவாறு போராடும் இளைஞரை நாள்தோறும் காணும் ஒருவருக்கு இவ்விடைகள் போதமாட்டா. எதனை இவ்வளவு ஈடுபாட்டோடு மீண்டும் மீண்டும் செய்கின்றனர் என்ற வினா எஞ்சிநிற்கும். அவ்வினாவுக்கு விடை காண உதவக்கூடிய ஒரு படைப்பையே இக்கட்டுரை எடுத்துக்கொள்கின்றது.

‘சீக்ரெட் லெவல்’ என்பது வளர்ந்தோருக்கென ஆக்கப்பட்ட ஓர் அசைவூட்டக் கதைத்தொகுதி. பதினைந்து பகுதிகளைக் கொண்டது. ஒவ்வொரு பகுதியும் ஒரு விளையாட்டின் உலகத்தை எடுத்துக்கொண்டு தனிக்கதையாக அமைவது. முதல் எட்டுப் பகுதிகள் 2024 டிசெம்பர் 10 ஆம் நாளும் எஞ்சிய ஏழும் 17 ஆம் நாளும் அமேசன் நிறுவனத்தின் பிரைம் வீடியோவில் வெளியாயின. உருவாக்கியவர் ரிம் மில்லர். 2019 இல் நெற்பிளிக்ஸ் வழி வெளிவந்த ‘லவ், டெத் அன்ட் ரோபோட்ஸ்’ தொகுதியும் இவருடையதே. தயாரிப்பு இவரது பிளர் ஸ்ரூடியோவினது. (பதினைந்துள் இரண்டு மூலங்கள் உண்மையில் மேசையைச் சுற்றியமர்ந்து ஆடும் விளையாட்டிலிருந்து பிறந்தவை என்பது வேறு கதை.)

தொடர் வெளிவந்தவுடன் ஆங்கில விமரிசகர் பலர் கூறியது ஒன்றே: இது விளம்பரம். விளையாட்டு நிறுவனங்கள் தம் பண்டங்களைக் கதையுருவில் விற்கின்றன என்றனர். மறுப்பதற்கில்லை. ஆனால் விளம்பரம் என்பது ஒரு படைப்பின் பயனைக் கூறுமேயன்றி அதன் உருவத்தை விளக்கிவிடாது. நமது ஆற்றுப்படை நூல்கள் புரவலனிடம் பிற கலைஞரை வழிப்படுத்துவதற்கே எழுந்தவை; அதைச் சொன்னதும் அவற்றைப்பற்றிச் சொல்லவேண்டியது யாவும் முடிந்துவிடுகின்றதா? சிறுபாணாற்றுப்படை காட்டும் பசித்த அடுக்களை, புரவலனின் கொடையைப் பெருப்பிப்பதற்காகவே வரையப்பட்டது. ஆயினும் அவ்வடுக்களை நமக்கு அக்காலச் சமூகத்தைப் பற்றிச் சொல்வது புரவலன் சொல்ல விரும்பியதிலும் அதிகம். ‘சீக்ரெட் லெவ’லிலும் அத்தகைய அடுக்களை ஒன்றுண்டு. அதுதான் சாவு.

தொடரை ஒரே மூச்சிற் பார்ப்பவருக்கு முதலிற் புலப்படுவது, இங்கே பாத்திரங்கள் செத்துச் செத்து எழுகின்றன என்பது. ஓரிரு கதைகளில் அல்ல. பல கதைகளின் அச்சாணியே அதுதான். இதைக் கற்பனை வறட்சி எனக் கொள்வது எளிது. அதன் பொருளாதார வேரைத் தேடுவதே நமக்குரிய வேலை.

1980 இல் யப்பானின் நம்கோ நிறுவனம் வெளியிட்ட ‘பக்-மான்’ விளையாட்டை நோக்குக. தோரு இவத்தானி வடிவமைத்த இது நாணயமிட்டு ஆடும் பொறியாகப் பொது இடங்களில் வைக்கப்பட்டது. வழமையாக ஒரு நாணயத்துக்கு மூன்று உயிர்கள். அவை தீர்ந்தால் மறுநாணயம். ஆகவே இங்குச் சாவு கதையின் ஒரு நிகழ்ச்சியன்று, விற்பனையின் அலகு. ஆடுபவர் விரைவிற் செத்தால் பொறியின் உரிமையாளருக்கு வருவாய். மிக விரைவிற் செத்தாலோ ஆடுபவர் சினந்து அகன்றுவிடுவார். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு துல்லியமான அளவிலே சாவைப் பங்கிட்டுக் கொடுப்பதுதான் வடிவமைப்பாளரின் கலையாயிற்று. பின்னர் விளையாட்டு வீட்டுக்குள் வந்தது. நாணயத் துவாரம் மறைந்தது. சாவும் உயிர்த்தெழலும் மட்டும் மறையவில்லை. தன்னைத் தோற்றுவித்த பொருளாதாரத் தேவை நீங்கிய பின்னரும் கலையுருவம் நிலைத்திருப்பதற்கு இதனிலும் தெளிவான எடுத்துக்காட்டு நம் காலத்திற் கிடைப்பது அரிது.

தொடரில் ‘பக்-மா’னை அடிப்படையாகக் கொண்ட ‘சேர்க்கிள்’ இந்த நாணயத்தை மறந்துவிட்டது. அறியாத கொடிய உலகில் விழித்தெழும் ஒரு போராளியை மஞ்சள் நிறச் சிறு துணையொன்று வழிநடத்த, உண்பதும் உண்ணப்படுவதுமே உலகநியதி என்று கதை செல்கின்றது. சந்தையின் நியதியை இயற்கையின் நியதியாகக் காட்டும் பழைய வித்தைதான் இது. 2025 யூலையில் வெளிவந்த ‘ஷடோ லபிரிந்த்’ விளையாட்டுக்கு முன்னறிவித்தலாக இப்பகுதி அமைந்தது என்பதையும் மறந்துவிடலாகாது.

‘சிஃபு’ விளையாட்டின் கதை இதனிலும் மேலானது. 2022 இல் வந்த அவ்விளையாட்டில் நாயகன் சாகும்போதெல்லாம் மீண்டெழுவான். ஆனால் எழும்போது வயது ஏறியிருக்கும். தொடரிலும் பழிவாங்கப் புறப்பட்ட இளைஞன் முதுமையை விலையாகக் கொடுக்கிறான். உயிர்த்தெழுதல் இலவசமன்று என்பதை ஒப்புக்கொள்ளும் இக்கதை, வேலைக்குச் சென்று திரும்பி மறுநாட் காலை மீண்டும் செல்லும் உடலைப் பற்றியது எனக் கொள்வதிலே தவறில்லை. சீனன்குடாவில் இரவுமுறை வேலைசெய்யும் தொழிலாளிக்கு இவ்வுருவகத்தை எவரும் விளக்க வேண்டியதில்லை.

எனினும் தொடரின் மிகச் சிறந்த பகுதி ‘அன்றியல் ரூர்ணமென்ட்’ விளையாட்டினின்று எடுத்த ‘சான்’ என்பதே என் முடிவு. 1999 இல் வெளிவந்த, எபிக் நிறுவனத்தின் மூல விளையாட்டில் சான் இறுதியில் எதிர்ப்படும் பகைவன். தொடர் அப்பகைவனின் முற்கதையைச் சொல்கின்றது. அவன் சுரங்கத்தில் உழைக்கும் இயந்திர மனிதன்; எசமானருக்கெதிராகக் கிளர்ந்தெழுந்தமைக்குத் தண்டனையாகப் போட்டிக்களத்துக்கு அனுப்பப்படுகிறான். அங்கே கொல்லப்படுகிறான், மீண்டும் பொருத்தப்படுகிறான், மீண்டும் களம். உலகம் கண்டு களிக்கின்றது.

உழைப்புச் சக்தியின் மறுவுற்பத்தி பற்றி மார்க்ஸ் கூறியதை நினைவுகூர்க. நாளை இதே நேரத்தில் இதே வாயிலில் இதே உடல் வந்து நிற்பதற்கு எவ்வளவு தேவையோ அவ்வளவுதான் கூலியின் அடிப்படை அளவு. சான் மீளப் பொருத்தப்படுவதும் அவ்வளவே. அவனுக்குச் சாவு மறுக்கப்படுவது கருணையினால் அன்று. செத்தவன் உழைக்கமாட்டான் என்பதனால். விளையாட்டிலே வரமாகத் தோன்றும் உயிர்த்தெழல், பகைவனின் கண்ணால் நோக்கும்போது தளையாக மாறிவிடுகின்றது. இப்புரட்டலைச் செய்தவர்கள் அதன் முழுப் பொருளையும் உணர்ந்து செய்தார்களோ அறியேன். உணர்ந்திருக்கவேண்டிய அவசியமும் இல்லை. ஒவ்வொரு சாவிலிருந்தும் சான் ஏதோவொன்றைக் கற்றுக்கொள்கிறான் என்பது கதையின் உயிர்நிலை. தோல்வி அறிவாகச் சேர்கின்றது. தொழிற்சங்க வரலாறு அறிந்தவர் இங்கே நிமிர்ந்து உட்காருவர்.

இப்பகுதியின் குறையும் அங்கேயே தொடங்குகின்றது. கிளர்ச்சி ஒரு தனிவீரனின் கைத்திறமையாகச் சுருங்குகின்றது. ஏனைய இயந்திரத் தொழிலாளர் அவன் பின்னால் நிற்கும் திரளாகவே எஞ்சுகின்றனர். இதற்கு மூலவுருவமே காரணம். விளையாட்டுப் பொறியின் முன் அமர்பவர் ஒருவர்; ஆகவே வரலாற்றை ஆக்குபவனும் ஒருவனாகின்றான்.

வேறிரு பகுதிகளைச் சுருக்கமாகச் சுட்டலாம். ‘அவுட்டர் வேர்ல்ட்ஸ்’ கதையில் காதலியைத் தேடும் அநாதை இளைஞன் ஒருவன், அவள் பணிபுரியும் நிறுவனத்தின் பண்டங்களைச் சோதிக்கத் தன் உடலையே ஒப்படைக்கின்றான். பெருநிறுவனத்தை எள்ளும் அவ்விளையாட்டை ஆக்கிய ஒப்சிடியன் 2018 இல் மைக்ரோசொப்ட்டின் உடைமையாயிற்று. எள்ளலும் விலைபோகும் பண்டமே. பிளேஸ்ரேசன் நிறுவனத்துக்கான இறுதிப் பகுதியின் நாயகி பொதி கொண்டுசெல்லும் ஒரு பெண். அதன் தலைப்பு ‘ஃபுல்ஃபில்மென்ட்’, அதாவது நிறைவேறுதல். அமேசன் தன் பண்டகசாலைகளுக்கு இட்டிருக்கும் பெயரும் இச்சொல்லே. அமேசனின் திரையிலே, பொதி சுமக்கும் தொழிலாளியின் கதைக்கு அச்சொல்லைத் தலைப்பாக வைத்தவர் சிரித்துக்கொண்டு வைத்தாரா என்று கேட்கத் தோன்றுகின்றது.

அமேசனின் சொந்த விளையாட்டான ‘நியூ வேர்ல்ட்’டும் தொடரில் இடம்பெற்றுள்ளது. அகந்தை கொண்ட அரசனொருவன் (குரல் ஆர்னோல்ட் சுவாசநேகர்) எவரும் நிலையாகச் சாகாத தீவொன்றில் வந்து சேர்கின்றான். அதன் அரசுரிமையைக் கோரிப் போரிட்டுச் சாகின்றான். எழுந்து மீண்டும் போரிடுகின்றான். நகைச்சுவையாகவே கதை செல்கின்றது. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் பிரான்சியரும் மாறி மாறிக் கைப்பற்றிய துறைமுகத்திலே வாழ்வோருக்கு, கப்பலில் வந்திறங்கும் அரசனின் உரிமைக்கோரல் பழகிய காட்சி. 1782 ஆம் ஆண்டில் மட்டும் இத்துறைமுகம் சனவரியில் ஆங்கிலேயர் கைக்கும் ஆகஸ்ட்டில் பிரான்சியர் கைக்கும் மாறிற்று. கதையிலே தீவு அரசனுக்குப் பணிவைக் கற்பிக்கும் பள்ளிக்கூடமாக இருக்கின்றது. வரலாற்றிலே எந்தத் தீவுக்கும் அந்தப் பேறு வாய்க்கவில்லை.

அந்தச் சாகாத் தீவு இப்போது சாகின்றது. 2025 ஒக்ரோபரில் பெருமளவு ஆட்குறைப்பு நிகழ்ந்தபோது, ‘நியூ வேர்ல்ட்’டுக்குப் புதிய உள்ளடக்கம் இனிச் சேர்க்கப்படாது என அமேசன் அறிவித்தது. சானின் பழைய போட்டிக்களத்தின் இணையச் சேவையை எபிக் நிறுவனம் 2023 சனவரியிலேயே நிறுத்திவிட்டது. இவையெல்லாவற்றிலும் விசித்திரமானது ‘கொன்கோட்’. சோனி நிறுவனத்தின் இவ்விளையாட்டு 2024 ஆகஸ்ட் 23 இல் வெளிவந்து, செப்டெம்பர் 6 இல் மீளப்பெறப்பட்டது. ஆக்கிய கூடம் மூடப்படுமென்ற அறிவித்தல் ஒக்ரோபரில் வந்தது. டிசெம்பரில் தொடரிலே அதன் கதை, பொலிவு குன்றாமல், ஒன்றும் நடவாதது போல ஒளிபரப்பாயிற்று. இல்லாத பண்டத்துக்கு விளம்பரம்! இங்கேதான் தொடர் தன்னையறியாமல் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகின்றது. பாத்திரத்துக்கு நேரும் சாவு எதுவும் இறுதியானதன்று. கணக்கேட்டிலே நேரும் சாவு மட்டுமே இறுதியானது. அச்சாவைக் காட்டும் கதை பதினைந்தில் ஒன்றுகூட இல்லை.

சாவை மீள மீள நிகழ்த்துவது நமக்குப் புதியதன்று. கிழக்கிலங்கையின் கூத்துக்களரியிலே கர்ணன் எத்தனை இரவுகளில் மாண்டிருக்கின்றான்! முடிவு தெரிந்தே சபையோர் விடியும்வரை விழித்திருப்பர், தெரிந்தே அழுவர். ஆயின் அந்த மீள்நிகழ்வு ஊருக்குச் சொந்தமானது. ஊரார் கூடித் தீர்மானித்து, மாதக்கணக்கிற் பழகிக் களரியேற்றுவது. ஏடு அண்ணாவியாரிடம் இருக்கும். ஏடு செல்லரித்தாலும் பாட்டு பலர் வாயில் இருக்கும். (சாதிப் படிநிலையின் தழும்பு அக்களரியிலும் உண்டு, அதனைப் பொற்காலமாகக் காட்டுவது என் நோக்கமன்று.) எங்கோ உள்ள ஒருவர் பொத்தானை அழுத்திக் கர்ணனை நிறுத்திவிட முடியாது என்பதே இங்குக் கருதவேண்டியது.

இங்குள்ள இளைஞர் சாவை அறியாதவரல்லர். 2004 டிசெம்பரில் கடல் ஏறிய கரை இது. 2006 சனவரி 2 ஆம் நாள் ஐந்து மாணவர் கொல்லப்பட்ட கடற்கரையும், அவ்வாண்டு ஆகஸ்ட்டில் பதினேழு உதவிப் பணியாளர் கொல்லப்பட்ட மூதூரும் இம்மாவட்டத்தவை. ஆகவே மீண்டெழும் உடல்களை அவர்கள் அறியாமையினால் நாடுகின்றனர் என்று கூறும் நம்மவரின் தீர்ப்பு அவசரமானது. மீட்கமுடியாத இழப்புகளின் நடுவே, தவறைத் திருத்தி மீண்டும் தொடங்கலாம் என்ற ஏக்கம் இழிவானதன்று. அவ்வேக்கம் வேறொருவரின் உடைமையாக இருப்பதே பிரச்சினை.

தொடரின் பெரும்பிழை இதனோடு தொடர்புடையது. விளையாட்டில் ஆடுபவரின் கை இருக்கும். தோற்பதும் கற்பதும் அக்கையே. தொடர் அக்கையை நீக்கிவிட்டு, ஒளியும் தோற்பரப்பும் மெய்ம்மைபோல் மின்னும் உருவங்களை மட்டும் தருகின்றது. ‘குரொஸ்ஃபயர்’ பகுதி இதற்குச் சான்று. மழையிரவில் இரு கூலிப்படைகள் மோதுகின்றன; இரண்டும் தாமே நல்லோர் என நம்புகின்றன. எதற்காக, எவருடைய பணத்துக்காக மோதுகின்றனர் என்பதிலும் பார்க்க எவ்வளவு நேர்த்தியாக மோதுகின்றனர் என்பதே காட்சியின் அக்கறை. இருதரப்பும் சமம் என்ற நடுவுநிலை, காரணத்தை அழித்துப் பெற்ற நடுவுநிலை. எண்ணெய்த் தாங்கிகளை வைத்திருக்கும் துறைமுகத்திலே காரணங்களை மறப்பது அவ்வளவு இலகுவன்று.

அக்காரணங்களால் இக்கரைக்கு வந்த ஒரு கப்பலும் இன்று விளையாட்டினுள் இருக்கின்றது. ‘வேர்ல்ட் ஒஃப் வோர்ஷிப்ஸ்’ என்ற கடற்போர் விளையாட்டிலே பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலான ‘ஹேர்மிஸ்’ ஆடுவோருக்குக் கிடைக்கும். உண்மையான ‘ஹேர்மிஸ்’ 1942 ஏப்பிரல் 8 ஆம் நாள் இரவு, யப்பானியத் தாக்குதலை எதிர்பார்த்துத் திருகோணமலையிலிருந்து வெளியேறிற்று. மறுநாள் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. அப்போது அதில் ஒரு விமானமும் இருக்கவில்லை. முந்நூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். விளையாட்டுக் கப்பலுக்கு விமானங்கள் உண்டு. மூழ்கினால் அடுத்த ஆட்டத்தில் அது மீண்டும் மிதக்கும். அதன் உயிர்நிலையைப் புள்ளிகளாகத் திரை காட்டிக்கொண்டேயிருக்கும். உள்ளே எத்தனைபேர் இருக்கின்றனர் என்பதற்கு அங்கே எண் இல்லை.