விளம்பரக் கோடும் கலைக் கோடும்

கலை வயிற்றுக்காகவா, வாழ்வுக்காகவா என்னும் வினா பழமையானது. விளம்பரத்திற்கு வரைவதைக் கலையென ஒப்பாதார் இன்றும் உளர். ஓவியர் கோபுலுவின் வாழ்க்கையை நோக்குவார்க்கு இதற்கொரு விடை புலப்படும்.

அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹோல் 1949இல் நியூயார்க் நகரை அடைந்து, பத்திரிகைகளுக்கும் வணிக நிறுவனங்களுக்கும் படம் வரைந்து பிழைத்தார். 1955இல் ஐ. மில்லர் காலணி நிறுவனத்திற்கு அவர் தீட்டிய விளம்பரங்கள் பெயர் பெற்றவை. ஈரம் உலராத மைக்கோட்டை மற்றொரு தாளில் ஒற்றியெடுப்பது அவர் முறை. அதனால் கோடு விட்டுவிட்டு விழுந்து தனியழகு பெற்றது. 1962இல் சூப்பு டப்பாக்களையே ஓவியமாக்கிப் பெரும்புகழ் எய்தினார். கடைத்தெருவில் கற்ற பாடமே அவருக்குக் கலைக்கூடத்தில் கைகொடுத்தது.

நம் கோபுலு சென்றதோ எதிர்த்திசை. 1924இல் பிறந்த அவர், குடந்தை ஓவியப் பள்ளியில் பயின்று, மாலியின் அரவணைப்பில் ஆனந்த விகடனில் வளர்ந்தார். கொத்தமங்கலம் சுப்புவின் 'தில்லானா மோகனாம்பாள்' தொடருக்கு அவர் தீட்டிய சித்திரங்கள் அழியாப் புகழ் பெற்றன. அப்புகழின் நடுவிலேயே 1963இல் விளம்பரத் துறை புகுந்தார். 1972இல் 'ஆட்வேவ்' என்னும் நிறுவனத்தையும் நிறுவினார்.

இதனை வீழ்ச்சி எனலாமா? ஆகாது என்பதே என் துணிபு. பக்கம் புரட்டுவோனை ஒரு நொடி நிறுத்துதல் விளம்பரத்தின் தேவை. அத்திறனை அவர் முன்பே பெற்றிருந்தார். வசனமே இல்லாத அவருடைய நகைச்சுவைப் படங்களில், உடல் நிற்கும் நிலையும் முகத்தின் சுளிப்புமே கதையைச் சொல்லிவிடும். சொல்லின்றிச் சொல்லக் கற்ற கைக்கு விளம்பரம் புதிய நிலமே அன்றிப் பள்ளம் அன்று.

எனினும் ஓர் இழப்பு உண்டு. கதைச் சித்திரத்தில் ஓவியன் பெயர் நிற்கும். விளம்பரத்திலோ பொருளின் பெயரே நிற்கும். செய்தித்தாளோடு அதுவும் பழைய பேப்பர் கடைக்குப் போய்விடும். வலக்கை செயல் குன்றிய முதுமையில் இடக்கையால் வரையப் பழகி, 2015இல் மறைந்த அப்பெருங்கலைஞரின் உழைப்பில் ஒரு பகுதி இவ்வாறு பெயரின்றிப் போயிற்று.

சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் நமக்கு இதில் தனி அக்கறை உண்டு. தெலுங்கர் போற்றும் ஓவியர் பாபு, கோபுலுவைக் குருவாக மதித்தவர். அவரும் விளம்பர நிறுவனங்களில் பணிபுரிந்தவரே. கோட்டிற்கு மாநில எல்லை இல்லை. நம் பிள்ளைகள் பலர் பள்ளியில் தெலுங்கு பயில்கின்றனர். தமிழை எழுத்துக் கூட்டியும் படிக்க இயலாதார் உளர். அவர்களும் வசனமற்ற ஒரு படத்தைக் கண்டு நகைப்பர். நகைத்தபின், "வரைந்தவர் யார்?" என வினவுவர். தமிழுக்குள் நுழைய அவ்வினாவே வாயில்.

தொடர்கதைப் பக்கங்களைச் சேர்த்துப் பைண்டு செய்து வைத்திருக்கும் இல்லத்தார், அவற்றைப் பரணிலிருந்து இறக்கிப் பிள்ளைகள் கைக்கு எட்டும் இடத்தில் வைப்பாராக. கதைக்கு அருகே அச்சாகியுள்ள பழைய விளம்பரங்களையும் காட்டுவாராக. கையெழுத்தில்லாத கோடுகளுக்கு உரியவர் எவரெனத் தேடும் கண் அவர்களுக்கு வாய்க்கட்டும்.