‘மேரோன்’ என்னும் சொல்: ரோக்கே ஃபெரியோல்ஸின் மெய்யியல் மொழி குறித்த ஒரு மதிப்பீடு

பிலிப்பைன்ஸ் நாட்டு மெய்யியல் வரலாற்றில் ரோக்கே ஃபெரியோல்ஸ் (1924–2021) பெறும் இடம், அவர் நிறுவிய கோட்பாட்டால் அமைந்ததன்று. வகுப்பறையில் அவர் பேசிய மொழியால் அமைந்தது. மணிலாவின் சம்பாலோக் பகுதியில் பிறந்த இவர் இயேசு சபைத் துறவி. அமெரிக்காவின் ஃபோர்டாம் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்திற்கு இவர் ஆராய்ந்தது அரவிந்தரின் ‘தெய்வீக வாழ்க்கை’. புதுச்சேரியில் ‘ஆர்யா’ இதழில் 1914 முதல் தொடராக வெளிவந்த எழுத்து ஒன்று கத்தோலிக்கத் துறவி ஒருவரின் ஆய்வுப்பொருளானது தமிழ் ஆய்வுலகம் அறியத்தக்கது.

அமெரிக்க ஆட்சி விட்டுச்சென்ற ஆங்கிலமே உயர்கல்வியின் மொழியாக இருந்த சூழலில், 1969இல் அதேனியோ டி மணிலா பல்கலைக்கழகத்தில் ஃபெரியோல்ஸ் மெய்யியலைப் பிலிப்பினோ மொழியில் கற்பிக்கத் தொடங்கினார். மாணவர் கிளர்ச்சிக் காலமாதலின் இதனைத் தேசியவாதச் செயலாகக் கொள்வது எளிது. ஆயின் அக்கணிப்பு பொருந்தாது. ‘பிலிப்பினோ மெய்யியல்’ ஒன்றைப் படைக்கப் புறப்படுபவரின் கவனம் உண்மையின்மீது அன்றித் தம் அடையாளத்தின்மீதே நிற்கும் என்பது அவர் கருத்து. மக்கள் வழக்குச் சொற்களைப் பகுத்து அவர்தம் உலகநோக்கை வருவிக்க முயன்ற லியோனார்டோ மெர்க்காடோவின் நூல் (1974) மொழியை ஆய்வுப்பொருளாக்கியது. ஃபெரியோல்ஸுக்கோ மொழி சிந்திக்கும் இடம்.

1991இல் வெளிவந்த ‘பம்புங்காட் சா மெத்தாபிசிக்கா’ (மீவியற்பியலுக்கு ஓர் அறிமுகம்) இதற்குச் சான்று. மேலை மரபின் ‘இருப்பு’ என்னும் கருத்திற்கு அவர் கடன்சொல் நாடவில்லை, புதுச்சொல் புனையவுமில்லை. ‘மேரோன்’ என்னும் அன்றாடச் சொல்லை எடுத்தாண்டார். கடையில் அரிசி இருக்கிறதா என்பார்க்கு இறுக்கப்படும் விடை அது. தமிழின் ‘உண்டு’ போன்றே பொருளின் இருத்தலையும் ஒருவரின் உடைமையையும் அஃது ஒருங்கே சுட்டும். தனித்து நின்றும் முழு விடையாகும். எதிரிலுள்ள ஒன்றைக் கண்டு சொல்லும் சொல்லாதலின், இருப்பை வரையறைக்குள் அடக்காமல் அதனை எதிர்கொள்ளும் செயலாக மீவியற்பியலைக் காட்ட இச்சொல் பெரிதும் துணைநிற்கிறது. நூலின் வலிமை இதுவே.

அதன் இடர்ப்பாடும் இங்கேயே தோன்றுகிறது. ‘ஆங் மேரோன்’ எனப் பெயர்ச்சொல்லாக நிறுத்தப்படுங்கால், கடைவீதி விடையின் உயிர்ப்புக் குன்றி, இடைக்கால இலத்தீன் மரபின் கலைச்சொல்லுக்கு அண்மையில் அது சென்றுவிடுகிறது. கருத்துருவில் உறைந்துவிடாது நேரே கண்டுணர்தலை வலியுறுத்தியவரின் எழுத்திலேயே இது நிகழ்வது கருதத்தக்கது.

மற்றொன்றும் உண்டு. சம்பாலோக்கில் பல மொழிகள் விரவிய பேச்சோடு வளர்ந்த ஃபெரியோல்ஸ், அப்பேச்சு பள்ளியில் எள்ளப்பட்டதைத் தம் நினைவுக் குறிப்பில் பதிவுசெய்துள்ளார். எம்மொழியும் பிறிதொன்றினும் தாழ்ந்ததன்று என்னும் அவர் உறுதிப்பாட்டின் வேர் அதுவெனலாம். எனினும் வகுப்பறைப் பிலிப்பினோ, தகாலோகை அடிப்படையாகக் கொண்டது. செபுவானோ பேசும் மாணவருக்கு அதுவும் பள்ளியில் பயின்ற மொழியே; அவர்தம் வீட்டுச் சொல் ‘அதுனா’. அச்சொல்லிலிருந்து தொடங்கும் மீவியற்பியல் ‘மேரோன்’ சென்ற வழியே செல்லுமா என்பது ஃபெரியோல்ஸைப் பின்பற்றுவோர் முன் நிற்கும் வினா.