விடைத்தாள் மொழி

நம் ஊர்களில் ஆங்கிலம் தலைகீழாகக் கற்பிக்கப்படுகிறது. வாசிக்கத் தெரிவதற்கு முன்பே எழுதச் சொல்லிவிடுகிறோம். எழுதத் தெரியாதவன் என்ன செய்வான்? பிறர் எழுதியதை நெட்டுருப் போட்டு எழுதுகிறான். அதற்கு மார்க்கும் விழுகிறது. மார்க் விழுந்த பிறகு வாசிக்க வேண்டிய அவசியமே அவனுக்கு ஏற்படுவதில்லை. ராஜபாளையத்தையும் ஸ்ரீவில்லிபுத்தூரையும் மனதில் வைத்துக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன். நான் படித்ததும், இப்போது பாங்க் குமாஸ்தாவாகக் காலம் தள்ளுவதும் பஸ்ஸில் அரைமணி தூரத்தில் இருக்கும் இந்த இரண்டு ஊர்களில்தான். ஆனால் விஷயம் இந்த ஊர்களோடு நிற்கவில்லை. ஆங்கில வகுப்பில் பழகிய வழக்கம் தமிழ் விமர்சனத்துக்குள்ளும் வந்து உட்கார்ந்துவிட்டது என்பதுதான் என் கவலை.

பள்ளியில் ஒரு பையன் ஆங்கிலத்தில் எழுதும் முதல் கட்டுரை அவனுடையதல்ல. பசுவைப் பற்றிக் கரும்பலகையில் எழுதிப்போட்ட பத்து வாக்கியங்கள். அவன் வீட்டில் பசு இருக்கலாம். அது எப்போது முட்டும், யார் கைக்குப் பால் சுரக்கும் என்பதெல்லாம் அவனுக்குத் தெரிந்திருக்கலாம். கட்டுரையில் அது எதற்கும் இடம் கிடையாது. ராஜபாளையத்தில் வீட்டில் தெலுங்கும் தெருவில் தமிழும் பேசி வளர்கிறவர்கள் பலர். ஒரு மொழியில் கேட்டதை இன்னொரு மொழியில் சொல்வது அவர்களுக்குச் சின்ன வயதிலிருந்தே கைவந்த காரியம். மூன்றாவது மொழிக்குள் நுழையும்போது அந்தச் சாமர்த்தியத்தைச் செருப்போடு வாசலில் கழற்றிவிட்டு வரச் சொல்கிறோம்.

பிறகு லீவில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். ஆங்கில ஜூனியர் தேர்வுக்கு நிமிஷத்துக்கு 30 வார்த்தை, சீனியருக்கு 45. அங்கே அர்த்தத்தைக் கவனிப்பது வேகத்துக்கு இடைஞ்சல். கண் தாளில் இருக்க வேண்டும், விரல் ஓட வேண்டும், மனம் குறுக்கே வரக்கூடாது. டைப்ரைட்டர் முன்னால் இது நியாயம். ஆனால் கல்லூரியில் ஆங்கில இலக்கிய வகுப்பும் இதே நியாயத்தில் நடப்பதுதான் விபரீதம். பாடத்தில் ஷெல்லியின் கவிதை இருக்கும். மாணவன் கைகளில் இருப்பது கைடு. அதில் கவிதையின் சுருக்கம், சுருக்கத்திலிருந்து கேட்கக்கூடிய கேள்விகள், கேள்விகளுக்கு விடைகள். மாணவன் இந்த மூன்றில் கடைசியிலிருந்து ஆரம்பிக்கிறான். பெரும்பாலும் அங்கேயே முடித்தும் விடுகிறான்.

அவனைக் குறை சொல்லிப் பயனில்லை. தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு பி.ஏ. ஆங்கிலத்தில் சேர்ந்தவனை, முதல் வருஷமே ஒரு கவிதையைப் பற்றி ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் எழுது என்கிறோம். கவிதை அவனுக்கு ஓரளவு புரிந்திருக்கவும் கூடும். புரிந்ததைச் சொல்ல ஆங்கிலம் போதாது. தமிழில் சொல்ல அனுமதி இல்லை. இந்த நெருக்கடியில் நெட்டுருதான் புத்திசாலித்தனமான வழி. பிழை அவன் புத்தியில் இல்லை, கேள்வியில் இருக்கிறது.

இதைக் கவனித்தவர்கள் இல்லாமல் இல்லை. 1959இல் தொடங்கி அன்றைய சென்னை ராஜ்யத்தில் 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி தரும் பெரிய முயற்சி ஒன்று நடந்தது. பயிற்சி பெற்றவர் மற்றவருக்குப் பயிற்சி தர வேண்டும் என்ற ஏற்பாடு. அதன் பலம் வாக்கிய அமைப்புகளை வாயால் சொல்லிப் பழக்குவது. பலவீனமும் அதுதான். வாக்கியம் சரியாக வந்தது, சொல்வதற்கு ஒன்றும் இல்லை. இருபது வருஷம் கழித்து, 1979 முதல் 1984 வரை, சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்த என்.எஸ். பிரபு பெங்களூரிலும் சென்னையிலும் வேறு சில ஊர்களிலும் இதற்கு நேரெதிரான ஒன்றைச் செய்து பார்த்தார். வகுப்பில் இலக்கணம் இல்லை, திரும்பத் திரும்பச் சொல்வது இல்லை. ஒரு ரயில் அட்டவணை, ஒரு வரைபடம், அவற்றை வாசித்துத் தீர்க்க வேண்டிய ஒரு பிரச்னை. இந்த வண்டியில் ஏறினால் எத்தனை மணிக்குப் போய்ச் சேரலாம் என்று மனம் யோசித்துக்கொண்டிருக்கும்போது மொழி தானாக உள்ளே இறங்கும் என்பது அவர் கட்சி. 1987இல் அது புத்தகமாகவும் வந்தது. உலகம் முழுக்கப் பேசினார்கள். நம் வினாத்தாள் மட்டும் அசையவில்லை.

இது நமக்கு மட்டும் நேர்ந்த விதி என்று நினைக்க வேண்டாம். சீனாவில் பல நூற்றாண்டுகள் அரசாங்க உத்தியோகத்துக்குரிய தேர்வில் எட்டு அங்கம் கொண்ட ஒரு கட்டுரை எழுதியாக வேண்டும். எந்த அங்கத்தில் என்ன வரவேண்டும் என்பது முன்பே நிர்ணயமானது. 1905இல் அந்தத் தேர்வு முறையே ஒழிந்தது. ஆனால் 1987இல் ஆரம்பித்த கல்லூரி ஆங்கிலத் தேர்வுக்குத் தயார் செய்கிற சீன மாணவர்கள், எந்தத் தலைப்பு வந்தாலும் பொருந்தும்படியான கட்டுரைச் சட்டங்களை மனனம் செய்துகொண்டு போகிறார்கள். முதல் பாராவும் கடைசிப் பாராவும் வீட்டிலிருந்தே வந்துவிடுகின்றன. எட்டு அங்கம் செத்து ஆங்கிலத்தில் மறுபிறவி எடுத்திருக்கிறது.

ஆனால் அதே சீனாவில் வேறொன்றும் நடந்தது. நம் வட்டத்துக்கு அது முக்கியமானது. ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் கேம்பிரிட்ஜில் கவிஞர் பெயரை மறைத்துவிட்டு மாணவர்களிடம் கவிதைகளைக் கொடுத்து, தோன்றியதை எழுதச் சொன்னார். அவர்கள் எங்கெல்லாம் தடுக்கி விழுந்தார்கள் என்பதை 1929இல் புத்தகமாக்கினார். அதே வருஷம் பீகிங்கின் சிங்குவா பல்கலைக்கழகத்துக்கு ஆங்கிலம் கற்பிக்கப் போனார். ஹார்டியின் 'டெஸ்' நாவலின் கடைசிப் பகுதியை அவர் வாசித்தபோது, கதாநாயகி தூக்கிலிடப்பட்ட இடத்தில் மாணவர்கள் கை தட்டினார்களாம். தகப்பனை மதிக்காத பெண்ணுக்குத் தக்க முடிவு என்று அவர்களுக்குப் பட்டிருக்கிறது. இதைத் தப்பான வாசிப்பு என்று ஒதுக்கிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர்கள் வாசித்திருக்கிறார்கள். அவர்களுடைய வீடும் தகப்பனும் கன்ஃபூசியஸும் அந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். கைடை மனனம் செய்தவன் தப்பான இடத்தில்கூடக் கை தட்டமாட்டான்.

ரிச்சர்ட்ஸின் மாணவர் வில்லியம் எம்ப்ஸன் 1937இல் சீனா போய்ச் சேர்ந்தபோது ஜப்பானியப் படையும் வந்துவிட்டது. பீகிங், சிங்குவா, நான்கை என்ற மூன்று பல்கலைக்கழகங்கள் இடம் பெயர்ந்து ஒன்றாயின. முதலில் ஹூனான் மாகாணம், பிறகு யுன்னானில் குன்மிங். புத்தகங்கள் கூட வரவில்லை. எம்ப்ஸன் நினைவிலிருந்து கவிதைகளையும் நாடகப் பகுதிகளையும் எழுதியும் டைப் அடித்தும் மாணவர்களுக்குக் கொடுத்தார். அவர்கள் கையில் இருந்தது வெறும் கவிதை. சுருக்கம் இல்லை, கைடு இல்லை, நூலகமும் இல்லை. கவிதையோடு மல்லுக்கட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. 1930இல் வெளிவந்த தன் புத்தகத்தில் ஒரு சொல் எத்தனை விதமாக அர்த்தம் கொள்ளும் என்று பிரித்துக் காட்டியவரிடம் அவர்கள் அப்படிப் படித்தார்கள்.

அவர்களில் ஒருவர் மூ தான். ஹூனானிலிருந்து யுன்னானுக்கு ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் நடந்தே போன மாணவர்களில் அவரும் உண்டு. வழியில் ஓர் ஆங்கில அகராதியை மனனம் செய்து, முடித்த பக்கங்களைக் கிழித்துப் போட்டுக்கொண்டே நடந்தார் என்று சொல்வார்கள். அவர் ஆங்கிலக் கவியாகவில்லை. நவீன சீனக் கவிதையின் முக்கியமான பெயர்களில் ஒருவரானார். பின்னாளில் அரசியல் காரணமாக எழுத்து முடக்கப்பட்டு, நான்கை பல்கலைக்கழக நூலகத்தில் வேலை பார்த்துக்கொண்டு, பைரனின் 'டான் யுவா'னைச் சீனத்தில் பெயர்த்தார். 1977இல் இறந்தார். புத்தகம் 1980இல்தான் வெளிவந்தது. எம்ப்ஸனின் வகுப்பில் வாசித்த ஆங்கிலம் எங்கே போய்ச் சேர்ந்தது என்று கேட்டால் சீனத்துக்குப் போய்ச் சேர்ந்தது என்றுதான் பதில்.

மூ தான் அகராதியை மனனம் செய்தார், எம்ப்ஸன் கவிதைகளை மனனத்தில் வைத்திருந்தார் என்பதைச் சேர்த்தே யோசிக்க வேண்டும். மனப்பாடம் எதிரியல்ல. நம் கல்விச் சீர்திருத்தக்காரர்கள் இந்த இடத்தில் எப்போதும் வழுக்குகிறார்கள். எதை மனப்பாடம் செய்கிறோம் என்பதுதான் கேள்வி. அவர்கள் மூலத்தை மனப்பாடம் செய்தார்கள். நாம் விடையை மனப்பாடம் செய்கிறோம். மூலம் மனதில் கிடந்தால் என்றாவது ஒருநாள் திறக்கும். பஸ்ஸில் போகும்போது ஒரு சொல் தட்டும். விடையில் திறப்பதற்கு எதுவுமில்லை. அது ஏற்கெனவே மூடப்பட்ட வாசிப்பு.

இதைப் புரிந்துகொள்ள நாம் குன்மிங் போகவேண்டியதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் மார்கழியில் சின்னக் குழந்தைகள் ஆண்டாளின் முப்பது பாட்டையும் அர்த்தம் தெரியாமலே ஒப்பிக்கிறார்கள். அந்த முப்பது பாட்டுக்குப் பதின்மூன்றாம் நூற்றாண்டில் பெரியவாச்சான் பிள்ளை எழுதிய வியாக்கியானத்துக்கு மூவாயிரப்படி என்று பெயர். முப்பத்திரண்டு எழுத்து ஒரு படி. ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னுரை, முன்பாட்டோடு அதற்குள்ள தொடர்பு, சொல் சொல்லாக அர்த்தம், இந்தச் சொல்லை ஏன் இங்கே போட்டாள் என்ற கேள்வி, ஒரே இடத்துக்கு இரண்டு மூன்று விளக்கம். எம்ப்ஸன் ஓர் ஆச்சாரியர் என்றோ பெரியவாச்சான் பிள்ளை நவீன விமர்சகர் என்றோ நான் சொல்லவில்லை. ஒருவர் பக்தியிலிருந்து வாசிக்கிறார், மற்றவர் கடவுளோடு சண்டை பிடித்தவர். ஆனால் பாட்டை விட்டு அங்குலம் நகராமல் உட்கார்ந்திருக்கும் பொறுமை இருவருக்கும் பொது. இன்னொன்றும் உண்டு. வியாக்கியானக்காரர்கள் சமஸ்கிருதத்தில் ஆழக் கால் ஊன்றியவர்கள். எழுதியது தமிழும் சமஸ்கிருதமும் கலந்த மணிப்பிரவாளத்தில். இரண்டு மொழியில் வாசித்ததைத் தங்கள் சபைக்குப் புரிகிற மொழியில் வைத்தார்கள். கோயில் வாசலில் இப்படியொரு வாசிப்பு மரபு இருக்க, தெருக்கோடி டியூஷன் சென்டரில் ஷெல்லியின் சுருக்கம் ஜெராக்ஸ் ஆகிக்கொண்டிருக்கிறது.

இனி நம் வீட்டுக்கு வருவோம். 1959 ஜனவரியில் சி.சு. செல்லப்பா 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கினார். ரசனையை நம்பிய க.நா.சு. ஒரு பக்கம், அலசலை நம்பிய செல்லப்பா ஒரு பக்கம். இருவருக்கும் இடையிலான அந்தத் தகராறு பயனுள்ள தகராறு. காரணம், இருவருமே ஆங்கிலத்தை வாசித்து, அதைத் தமிழ்ப் படைப்பின் முன்னால் கொண்டுவந்து வைத்துப் பார்த்தவர்கள். அதற்கும் முன்னால், 1931இல் திருநெல்வேலி இந்துக் கல்லூரியில் பி.ஏ. முடித்த புதுமைப்பித்தன் ஆங்கிலம் வழியாக உலகச் சிறுகதைகளை வாசித்து, பலவற்றைத் தமிழில் பெயர்த்தும் வைத்தார். இவர்கள் ஆங்கிலம் கற்றது விடை எழுதுவதற்கு அல்ல.

பிறகு என்ன ஆயிற்று? ஒரு தலைமுறை எலியட் என்றது. அடுத்தது சார்த்தர் என்றது. அதற்கடுத்தது லெவிஸ்ட்ராஸ், தெரிதா. பெயர்களில் ஆட்சேபமில்லை. ஆனால் நம் கட்டுரைகளில் பலவற்றை எடுத்து அந்தப் பெயர்களை மட்டும் நீக்கிவிட்டுப் பாருங்கள். எந்தத் தமிழ்க் கவிதைக்கும் பொருந்தக்கூடிய ஒரு சட்டம் மிஞ்சும். முதல் பாராவும் கடைசிப் பாராவும் வீட்டிலிருந்தே வந்தவை. கவிதையின் ஒரு சொல்லைத் தொட்டு, இது ஏன் இங்கே என்று கேட்ட இடம் அகப்படாது. பேசப்படுகிற கவிஞரின் பெயரை மாற்றினாலும் கட்டுரை நிற்கும். நாம் பரீட்சை எழுதுவதை நிறுத்தவே இல்லை. திருத்துகிறவர் யார் என்பது மட்டும் மாறியிருக்கிறது.

வேலைக்கு ஆங்கிலம் எழுதத் தெரிய வேண்டாமா என்பது நியாயமான ஆட்சேபம். என் உத்தியோகத்திலிருந்தே பதில் சொல்கிறேன். ஆங்கிலத்தில் கடிதம் எழுதித் தரச் சொல்லி கவுண்டருக்கு வரும் பட்டதாரிகள் குறைந்துவிட்டார்கள். 2022 கடைசியிலிருந்து கைபேசியிலேயே யந்திரம் பிழையில்லாத ஆங்கிலத்தில் எழுதித் தருகிறது. அந்தக் கடிதத்தைக் கொண்டுவருகிறவருக்கு அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பல சமயம் தெரிவதில்லை. கடன் பத்திரத்திலும் அப்படித்தான். பக்கம் பக்கமாக ஆங்கிலம். எங்கே கையெழுத்து என்று மட்டும் கேட்கிறார்கள். பி.ஏ. ஆங்கிலமும் அப்படியே போட்டுவிட்டுப் போகிறது. ஒரே ஒருவர், பள்ளிக்கூடம் அதிகம் எட்டிப்பார்க்காத பருத்தி வியாபாரி, பத்திரம் முழுவதையும் வரிவரியாகத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டார். வட்டி மாறும் என்று வந்த இடத்தில் நிறுத்தி, யார் மாற்றுவது, எப்போது, எனக்குச் சொல்வீர்களா என்று மூன்று கேள்வி கேட்டார். அந்தப் பத்திரத்தின் சரியான வாசகர் அவர்தான். சீனாவில் லின் ஷூ என்பவர் அந்நிய மொழி ஒன்றும் தெரியாமலே, தெரிந்தவர்கள் வாயால் சொல்லச் சொல்லக் கேட்டு, டிக்கன்ஸ் உட்பட நூற்றைம்பதுக்கு மேற்பட்ட நூல்களைச் சீனத்தில் எழுதினார். பருத்தி வியாபாரி அந்த ஜாதி.

யந்திரம் எழுதிவிடும் என்றான பிறகு மனுஷனுக்கு மிச்சமிருப்பது வாசிப்பு. எழுதியது யாராக இருந்தாலும் அதில் என்ன சொல்லியிருக்கிறது, என்ன மறைத்திருக்கிறது என்று பார்க்கத் தெரிய வேண்டும். ஆகவே நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் அல்ல. பி.ஏ. ஆங்கில வகுப்பில், முதல் இரண்டு வருஷமாவது, ஆங்கிலக் கவிதையைக் கையில் கொடுத்துவிட்டு அதைப் பற்றித் தமிழில் எழுத விடுங்கள். கேள்வித்தாளில் கவிதையை முழுசாக அச்சடித்துக் கொடுங்கள், அதுவும் பாடத்தில் இல்லாத கவிதையாக. ஏதாவது ஒரு சொல்லைக் காட்டி, இது ஏன் இங்கே என்று கேளுங்கள். ஆங்கிலத்தில் எழுதுவது பின்னால் வரும். சொல்வதற்கு ஒன்று இருக்கிறவனுக்கு அது வந்தே தீரும்.

நம் பத்திரிகைகளுக்கும் இதே யோசனை. அடுத்த இதழுக்கு விமர்சனம் எழுத உட்காருகிறவர்கள் ஒரே ஒரு தமிழ்க் கவிதையை எடுத்துக்கொள்ளட்டும். மேற்கத்தியப் பெயர் ஒன்றுகூட இல்லாமல், நாலு பக்கம், அந்தக் கவிதையை விட்டு நகராமல். எத்தனை பேரால் முடிகிறது என்று பார்க்கலாம்.