பூக்கடை ஓரத்து நாயனம்

பங்குனித் திருவிழா மூன்றாம் நாள், இருட்டு விலகும் முன்பே மயிலாப்பூர் கபாலி கோயில் கோபுர வாசலுக்குப் போய்விடுவேன். வீட்டில் அதிகார நந்தி தரிசனம் என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புவது. உள்ளபடி நான் போவது மல்லாரி கேட்க. சாகித்யம் கிடையாது, கம்பீர நாட்டை, சுவாமி புறப்பாட்டுக்கு என்றே அமைந்த உருப்படி. கூட்டம் மேளக்காரர்களை ஒட்டி நிற்கும். நான் முப்பதடி தள்ளி, பூக்கடை ஓரமாக ஒதுங்கிவிடுவேன். நாயனம் நாயனமாகக் கேட்பது அங்கேதான்.

இது வீம்பு இல்லை. அந்த வாத்தியத்தின் அமைப்பே அப்படி. ஆச்சா மரத்தில் கடைந்த உலவு, உள்ளே மேலிருந்து கீழாக அகன்றுகொண்டே போகும் கூம்புத் துளை, அடியில் விரிந்த வாயாக அணசு. கூம்பாக இருப்பதால், வைத்த விரலை மாற்றாமல் காற்றை இறுக்கினாலே மேல் ஸ்தாயி வந்துவிடும். கிளாரினெட்டின் உட்குழல் பெரும்பாலும் நேர்க்குழல்; அதில் இறுக்கினால் ஸ்தாயியைத் தாண்டி மேலே பஞ்சமத்துக்குப் போய் நிற்கும். ஷெனாயும் ஓபோவும் கூம்புதான், நம் நாயனத்துக்குப் பங்காளிகள். ஆனால் ஓபோவுக்குச் சாவிகள் உண்டு. நாயனத்தில் ஏழு துளை, விரல், உதடு, மூச்சு, அவ்வளவே. கீழே இருக்கும் ஐந்து துளைகளில் விரல் படுவதில்லை. அவை சுருதியைச் சரிக்கட்ட. வேண்டுமானால் மெழுகு வைத்து அடைப்பார்கள்.

முன்பு வழக்கில் இருந்தது திமிரி. குட்டை, உச்ச சுருதி. நாலு வீதிக்கும் கேட்க வேண்டுமே. பாட்டுக்காரர்களின் சுருதிக்குப் பக்கத்தில் நாயனத்தை இறக்கிக் கொண்டுவந்தவர் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை. அவர் ஆசைப்பட்டதைக் கடைந்து கொடுத்தவர் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி. அதுதான் பாரி: நீளமானது, கனமானது, சுத்த மத்தியமம் பிடிவாதம் பண்ணாமல் பேசுவது. தோடியை அவர் அப்படி விஸ்தாரமாக நிறுத்தி வாசித்ததில் பாதிப் பெருமை அந்த ஆசாரியின் கடைசலுக்குச் சேர வேண்டும் என்பது என் கட்சி. வித்துவான் பெயர் தெரிந்த ரசிகர்களில் எத்தனை பேருக்கு ஆசாரி பெயர் தெரியும்? நரசிங்கம்பேட்டை நாயனத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததே 2022இல்தான். அங்கே இன்றும் பழைய வீடுகளை இடித்தால் உத்தரத்தைத் தேடிப் போகிறார்கள். பல வருஷம் வெயிலும் காற்றும் பட்டு ஆறின மரம்தான் வெடிக்காது, கோணாது.

கிட்டே போய்ப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு, சீவாளி. மண்டபத்தில் சுவாமி நிற்கிற இடைவேளையில் பாருங்கள். வாத்தியத்திலிருந்து ஒரு கயிறு தொங்கும். அதில் மாற்றுச் சீவாளிகள் நாலைந்து, ஒரு ஊசி. கொறுக்கைத் தட்டையைப் பதப்படுத்திச் செய்த, கட்டைவிரல் நகத்தை விடக் கொஞ்சம் பெரிய துண்டு. வித்துவான் அதை வாயில் போட்டு ஊற வைப்பார், ஊசியால் வாயை நெகிழ்த்துவார், உலவின் மேல்முனையில் இருக்கும் கெண்டையில் செருகி ஒரு ‘பீ’ கொடுப்பார். முகம் சுளித்தால் அடுத்தது. அன்றைக்குக் காற்றில் ஈரம் ஏறியிருந்தால் நேற்றுப் பேசின சீவாளி இன்று ஊமை. கடற்கரை ஊரில் இது ரொம்ப சகஜம்.

தவில்காரர் அதற்குள் கூடுகளைச் சரிபார்த்துக்கொள்வார். துணியும் பசையும் சுற்றிக் காயவைத்த தொப்பிகள், வலக்கை விரல்களில் மாட்டுவது, இடக்கையில் கழி. பலாமரச் சட்டத்தின் இரண்டு பக்கத்துக்கும் இரண்டு விதமான அடி. அந்தக் கூட்டின் அடியில் பிறக்கும் ‘டக்’தான் கூட்டத்தின் கூச்சலைக் கிழித்துக்கொண்டு வரும். முன்பு வார் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்த இடத்தில் இப்போது பளபளவென்று இரும்புக் கம்பியும் திருகாணியும். பார்க்கக் கண்ணை உறுத்துகிறது. சுருதி நிற்பதைக் கேட்டபின் வாயை மூடிக்கொண்டேன்.

போன வருஷம் தி. நகரில் ஒரு கல்யாணம். மைக்செட் பையன் அணசின் வாய்க்குள்ளேயே மைக்கைச் செருகாத குறை. ஆனந்தபைரவி கூட அலறியது. அவனைச் சொல்லி என்ன பயன்? நாயனத்தின் நாதம் பெரும்பாலும் திறந்த துளைகள் வழியாகவே வெளியே வருகிறது. அணசு வழியாக வருவது அதிகமும் கூர்மையான பகுதி. இரண்டும் வெளியில் கலக்க இடம் வேண்டும். அணசுக்கு நேரே மைக் வைத்தால் கூர்மை மட்டும்தான் மிஞ்சும். பையனைத் தனியாக அழைத்துச் சொன்னேன். “சார், பந்தி வரைக்கும் கேக்கணும்னு சொன்னாங்க” என்றான். மைக்கே இல்லாமல் பந்தி என்ன, பக்கத்துத் தெரு வரைக்கும் கேட்டிருக்கும்.

மாடவீதியில் அந்தத் தொல்லை இல்லை. நந்தி அசைந்து அசைந்து தெற்கு மாடவீதியில் திரும்பும்போது நான் பூக்கடையிலேயே நின்றுவிடுவேன். மூலை திரும்பியதும் நாயனத்தின் கூர்மை முதலில் மழுங்கும். குழைவு மட்டும் கொஞ்ச நேரம் சுவர்களில் பட்டுத் தேய்ந்துகொண்டு வரும். பிறகு அதுவும் போய், தவிலின் கழி அடி மட்டும் ‘தொம், தொம்’ என்று கேட்டுக்கொண்டிருக்கும். பூக்காரம்மா தண்ணீர் தெளிப்பதை நிறுத்திவிட்டு, “மேளம் ராமகிருஷ்ணா மடம் ரோட்டுக்குப் போயிடுச்சு” என்பாள், தலையைத் திருப்பாமலே.