கான்சாஸ் வழியும் எல்கார்ட் வழியும்

நம் சங்கத்தின் இந்த மலருக்கு எழுதச் சொன்ன தலைவர் ஐயா ஒரே ஒரு நிபந்தனைதான் விதித்தார்: எந்த உறுப்பினரின் வண்டியையும் பெயர் சொல்லிக் குறைகூறக் கூடாது. கட்டுப்படுகிறேன். ஆனால் டிரக்கின் மேல் முன்பகுதியை ஏற்றி இழுக்கும் ஃபிஃப்த் வீல் முகாம் வண்டிகளில் எது எப்போது கொடிகட்டிப் பறந்தது என்று யார் மனமும் நோகாமல் எழுதுவது, ஏழு மருமகள்கள் இருக்கும் வீட்டில் யார் சமையல் நன்றாக இருந்தது என்று சொல்வதைப் போன்றது. கிங்பின், அதன் மேல் விழும் எடை, பின்னால் இரட்டைச் சக்கரம் கொண்ட டூயலி டிரக் எல்லாம் நம்மவர்களுக்குத் தெரிந்த பாடம். அதனால் நேராகப் பரம்பரைகளுக்கு வந்துவிடுகிறேன்.

மூலவர் கிளென் கர்ட்டிஸ். விமானம் செய்து பெயர் பெற்றவர், 1920-களின் கடைசியில் ஏரோகார் என்று ஒரு வண்டியைக் கட்டி, அதன் முன்பக்கத்தைக் காரின் மேலேயே ஏற்றி இழுத்துக் காட்டினார். வணங்கிவிட்டு நகர்வோம். அவர் வழியில் வந்தவர்கள் என்று இன்று சொல்லிக்கொள்ள யாரும் இல்லை.

எனக்குத் தெரிந்து பெரிய வழிகள் இரண்டு. ஒன்று இந்தியானாவின் எல்கார்ட் வழி. மற்றது நான் பாடம் கேட்ட கான்சாஸ் வழி. வடமேற்கில் ஒரு கிளை உண்டு. வாஷிங்டன் மாநிலம் யாக்கிமாவின் ஆல்பென்லைட் 2008-இல் மறைந்தது. ஓரிகனின் லா கிராண்டிலிருந்து வரும் ஆர்க்டிக் ஃபாக்ஸ், தன் சேசிஸைத் தானே கட்டிக்கொண்டு இன்றும் ஓடுகிறது. நம் பொருளாளர் அம்மையார் அந்தக் கிளையின் தீவிர பக்தை. அதைப் பற்றி அவரே விரிவாக எழுதட்டும், எழுதாமல் விடமாட்டார். மின்னசோட்டாவின் ஸ்கேம்ப் கண்ணாடியிழைக் கூட்டில் சின்னதாக ஒரு ஃபிஃப்த் வீல் செய்கிறது. அது தனி மதம், அதற்குள் நான் போகவில்லை.

கான்சாஸ் என்றால் மூன்று ஊர்கள். ஷனூட்டில் நூவா நிறுவனத்தின் ஹிட்ச்ஹைக்கர். ஸ்மித் சென்டரில் பீட்டர்சன் குடும்பத்தின் எக்செல். ஜங்ஷன் சிட்டியில் நியூ ஹொரைசன்ஸ். கோதுமை வயல்களுக்கு நடுவே இருந்த பட்டறைகள் இவை. அக்கம்பக்கத்தில் போட்டிக் கம்பெனி இல்லாததால் வேலையாட்கள் வாரத்துக்கு வாரம் வேறு வாசலுக்குப் போகவில்லை. நேற்று அலமாரி செய்த கைதான் பத்து வருடத்துக்கு முன்பும் அதைச் செய்தது. வண்டியில் கோளாறு என்றால் உரிமையாளர் தொழிற்சாலைக்கே ஓட்டிக்கொண்டு போவார், கட்டியவரே வந்து பார்ப்பார்.

என் ஆசான் ஹிட்ச்ஹைக்கர்காரர். நம் பிள்ளைகள் அவரை "கான்சாஸ் தாத்தா" என்றுதான் கூப்பிட்டார்கள். சங்கத்தின் மூத்த உறுப்பினர்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும் என்பதால் பெயர் எழுத வேண்டியதில்லை. எழுதினால் அவருக்கே பிடிக்காது. ஒரு வண்டியைப் பார்க்கப் போனால் முதலில் உள்ளே ஏற மாட்டார். ஒரு பழைய போர்வையை விரித்து அடியில் படுப்பார். ஸ்பிரிங் பட்டைகளைச் சேசிஸோடு பிணைக்கும் ஹேங்கர்களில் பற்றவைப்பு எப்படி ஓடியிருக்கிறது, அச்சு எத்தனை பவுண்டு தாங்கும், டயரில் எழுதிய தாங்குதிறனுக்கும் வண்டி எடைக்கும் நடுவே எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பார். பிறகு கூரை. சீலண்ட் எங்கே வெடித்திருக்கிறது என்று விரலால் தடவிப் பார்ப்பார். மூன்றாவதாகக் கதவருகே ஒட்டியிருக்கும் மஞ்சள் சீட்டு. சரக்கு எத்தனை பவுண்டு ஏற்றலாம் என்று அது சொல்லும். "தண்ணித் தொட்டிய நிரப்பினா இதுல பாதி போச்சு, மீதியில உன் வீட்டுக்காரியோட கிரைண்டர வையி" என்பார். இவ்வளவும் முடிந்த பிறகுதான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போவார்.

அந்த வழி ஏன் தேய்ந்தது? தரம் குறைந்ததால் இல்லை. கான்சாஸ் வண்டிகள் கனம் அதிகம், விலையும் அதிகம். இழுக்க ஒரு டன் டிரக் வேண்டும். 2008 கோடையில் பெட்ரோல் காலனுக்கு 4 டாலரைத் தாண்டியது. அதே ஆண்டு வங்கிகள் கையை மூடிக்கொண்டன. விற்பனையாளர் கடன் வாங்கித்தான் வண்டியை வளாகத்தில் நிறுத்துகிறார், அந்தக் கடனே நின்றுபோனது. ஒரு தலைமுறையே அப்போது சாய்ந்தது. வயோமிங்கின் டீட்டன் 2008-இல் மூடியது. 2009-இல் ஃப்ளீட்வுட் திவாலானது. கேமியோ, கேரிலைட் வண்டிகளைத் தந்த கேரியேஜ் நிறுவனம் 2011-இல் போனது. நூவாவும் எக்செலும் அதற்குப் பின் சில ஆண்டுகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்று ஓய்ந்தன. நியூ ஹொரைசன்ஸ் மட்டும், கேட்டவருக்குக் கேட்டபடி ஒவ்வொன்றாகக் கட்டித் தந்து, கான்சாஸ் வழியின் விளக்கை அதற்குப் பின்னும் அணையாமல் காத்தது.

எல்கார்ட் கதை வேறு. அங்கே கம்பெனிகள் சாகும், ஆட்கள் சாவதில்லை. கீஸ்டோன் 1996-இல் பிறந்தது, 2001-இல் தோர் குழுமத்திடம் போனது. அதன் மொன்டானாதான் புத்தாயிரத்தின் முதல் பத்தாண்டில் எந்த முகாமுக்குப் போனாலும் வரிசையாக நின்ற வண்டி. தலைவர் ஐயா இன்றும் மொன்டானாக்காரர் என்பதை நான் மறக்கவில்லை. அதற்குப் பின் ஹார்ட்லேண்ட் வந்தது. சரக்குத் தளம் குட்டையான டிரக்கில் திருப்பினால் டிரக் கேபினின் பின்கண்ணாடி உடையும் என்ற பயத்தை, வண்டியின் மூக்கை வளைத்துச் செதுக்கியே போக்கியது. அதன் பிக்ஹார்ன் சாலையெங்கும் ஓடியது. 2010-இல் ஹார்ட்லேண்டும் தோர் கைக்குப் போனது. பிறகு 2012-இல் கீஸ்டோன் வட்டாரத்தில் பழகிய கைகள் சேர்ந்து கிராண்ட் டிசைனைத் தொடங்கின. நான்கே ஆண்டில் அதை வினபேகோ நிறுவனம் சுமார் 50 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. கிராண்ட் டிசைனின் சொலிட்யூடும் ரிஃப்ளெக்ஷனும் மொன்டானாவின் இடத்தைப் பிடித்தன. 2019-இல் அலையன்ஸ் என்ற கம்பெனி வந்தது. 2022-இல், கிராண்ட் டிசைனைத் தொடங்கியவர்களில் சிலரே கோஷனில் பிரிங்க்லியைத் தொடங்கினார்கள். இன்று அரிசோனாவின் குவார்ட்சைட் பாலைவனத்தில் ஜனவரி மாதம் நின்று பாருங்கள், எல்லோரும் கழுத்தைத் திருப்பிப் பார்ப்பது பிரிங்க்லியைத்தான்.

ஆகவே இளைய உறுப்பினர்கள் "நான் இந்த பிராண்டு, அவன் அந்த பிராண்டு" என்று சண்டை போடும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. கீஸ்டோன், ஹார்ட்லேண்ட், ஜேகோ, டச்மென், கிராஸ்ரோட்ஸ் எல்லாம் ஒரே தோர் குடை. சீடர் கிரீக், சான்ட்பைப்பர், பாலோமினோ, கோச்மென் எல்லாம் ஃபாரஸ்ட் ரிவர். அதை 1996-இல் தொடங்கிய பீட்டர் லீகல் 2005-இல் வாரன் பஃபெட்டின் பெர்க்ஷயருக்கு விற்றுவிட்டு, 2024-இல் மறையும் வரை அவரே நடத்தினார். சேசிஸ், அச்சு, ஸ்லைடு-அவுட் மோட்டார் எல்லாம் பெரும்பாலும் ஒரு சில சப்ளையர்களிடமிருந்தே எல்லாக் கம்பெனிக்கும் வருகின்றன. வெளியே ஒட்டிய ஸ்டிக்கர்தான் வேறு.

சுவரை வெளியே தள்ளி அறையை அகலமாக்கும் ஸ்லைடு-அவுட்டை 1990-இல் சந்தைக்குக் கொண்டுவந்தது நாப்பனியின் நியூமார். அந்த ஒரு மாற்றத்துக்குப் பிறகு இன்னும் பலர் வண்டியில் வருடம் முழுக்கக் குடியிருக்கத் துணிந்தார்கள். வண்டியின் கனம் ஏறத் தொடங்கியதும் அதிலிருந்துதான். பழைய வழியில் ஸ்லைடைத் தள்ளுவது ஹைட்ராலிக் தண்டு. இப்போது பல வண்டிகளில் சுவருக்குள்ளேயே ஒளிந்த சின்ன மோட்டார்கள். இலேசு, மலிவு, தொழிற்சாலையில் சீக்கிரம் மாட்டலாம். இரு பக்க மோட்டார்களும் ஒரே வேகத்தில் ஓடும் வரை நல்லது.

இனி தலைவர் ஐயாவின் நிபந்தனை என்னைச் சற்று நெருக்கும் இடம். தற்காலத்தில் கட்டுகிறவர்களில் திறமையானவர்கள் இருக்கிறார்கள். ஆனால் சிலர் வண்டிகளில், எவருடையவை என்று சொல்லமாட்டேன், டிரக்கின் மேல் ஏறி நிற்கும் முன்பகுதியின் சட்டம் நாளடைவில் நெளிகிறது என்ற பேச்சு முகாம்களில் அடிபடுகிறது. 2021-இல் இந்தத் தொழில் எல்லா வகையும் சேர்த்து 6,00,240 வண்டிகளை அனுப்பியது. அது சாதனை. இரண்டே ஆண்டில் 3,13,174-க்கு விழுந்தது. எல்கார்டில் பல பட்டறைகளில் கூலி எண்ணிக்கைக்குத்தான், நாளுக்குக் குறித்த வண்டிகள் முடிந்தால் வீட்டுக்குப் போகலாம். 2021 போன்ற சாதனை ஆண்டில் அந்தக் கைகள் எந்த வேகத்தில் திருகாணி முடுக்கியிருக்கும் என்று உறுப்பினர்களே யோசித்துக்கொள்ளலாம். அந்த ஆண்டு வண்டி வாங்கிய நம்மவர்கள் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம், பல நல்ல வண்டிகளும் வந்தன.

ஆனால் இவை எல்லாவற்றையும்விட என் நெஞ்சை எரிப்பது மின்சாரக் கணப்பு.

இன்று எந்த விற்பனையாளரின் வளாகத்துக்குப் போனாலும், உள்ளே நுழைந்தவுடன் தொலைக்காட்சிக்குக் கீழே பொய்த்தீ நடனமாடிக்கொண்டிருக்கும். சாம்பல் நிறத் தரை, வெள்ளைச் சுவர், நடுவில் நீலமும் ஆரஞ்சுமாக நெருப்பு. பார்ப்பவர்கள் மயங்கிவிடுகிறார்கள். முன்பு அந்த இடத்தில் ஜன்னலோ, நல்ல மரத்தில் செய்த அலமாரியோ இருக்கும். அந்தப் பொய்த்தீ 1,500 வாட் தின்று, சுமார் 5,000 பிடியு சூடு தருகிறது. தரைக்கு அடியில் இருக்கும் புரொப்பேன் ஃபர்னஸ் 30,000-க்கு மேல் தரும். அந்த ஃபர்னஸின் காற்றுக் குழாயில் ஒன்று தண்ணீர்த் தொட்டிகள் இருக்கும் அடிவயிற்றுக்குப் போகிறது. புரொப்பேனை மிச்சம் பிடிக்கிறேன் என்று கணப்பைப் போட்டுவிட்டுத் தூங்கினால், அறை சூடாகிவிட்டது என்று தெர்மோஸ்டாட் ஃபர்னஸை எழுப்பவே எழுப்பாது. அடியில் குழாய் உறைந்து வெடிக்கும். 30 ஆம்ப் இணைப்புள்ள முகாமில் கணப்பும் வாட்டர் ஹீட்டரும் ஓடும்போது யாராவது மைக்ரோவேவில் உப்புமாவைச் சுடவைத்தால், வண்டி முழுக்க இருட்டு.

இதையெல்லாம் யாரிடம் சொல்வது? கடந்த கூட்டத்தில் புதிய வண்டிகளைச் சுற்றிப் பார்த்த குடும்பங்கள் ஒவ்வொன்றும் அந்தக் கணப்பின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டன. ஒருவர்கூட அடியில் குனியவில்லை. மஞ்சள் சீட்டை ஒருவரும் படிக்கவில்லை. நான் போர்வையை விரித்தபோது, "அங்கிள், கீழே ஏதாவது விழுந்துவிட்டதா?" என்று ஒரு பையன் கேட்டான். ஆமாம், தம்பி, தரம் விழுந்துவிட்டது. வாங்குகிறவன் நெருப்பைப் பார்த்தால் கட்டுகிறவன் நெருப்பைத்தான் கட்டுவான். ஹிட்ச்ஹைக்கரும் எக்செலும் போய், மொன்டானா வந்து, சொலிட்யூட் வந்து, இப்போது பிரிங்க்லி வந்திருப்பதற்குப் பொருளாதாரக் காரணங்கள் ஆயிரம் இருக்கலாம். என் பார்வையில் பாதிக் காரணம் இந்தக் கணப்புதான். மலர்க்குழுவினர் இந்த வரியை வெட்டமாட்டார்கள் என்று நம்புகிறேன்.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். பழைய கான்சாஸ் வண்டிகளில் வெப்பக்காப்பும் அச்சும் சிறந்திருந்தாலும், அவற்றின் சமையலறை இன்றைய பெண்களும் ஆண்களும் ஏற்கக்கூடியதாக இல்லை. டயர் அழுத்தத்தைக் காட்டும் சென்சார், டிஸ்க் பிரேக், லித்தியம் பாட்டரி, கூரையில் சோலார் எல்லாம் எல்கார்ட் புதுமுறையார் பரப்பியவை. கான்சாஸ் தாத்தாவே கடைசிக் காலத்தில் அந்த டயர் சென்சாரை வாங்கி மாட்டிக்கொண்டார். மோர்ரைட் ரப்பர் சஸ்பென்ஷனைப் பற்றி மட்டும், "இதை ஷனூட்டில் அப்போதே போட்டிருக்கலாம்" என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய பாராட்டு.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்தில் பிராண்டுகளை வைத்து இருக்கை பிரிக்காதீர்கள். வழியில் இருக்கும் ஏதாவது ஒரு டிரக் ஸ்டாப்பின் கேட் (CAT) எடைமேடையில் வண்டியை ஏற்றி, டிரக்கின் முன்னச்சு, பின்னச்சு, வண்டியின் அச்சு, மொத்தம் என நான்கு எடையும் உள்ள சீட்டை ஒவ்வொரு உறுப்பினரும் கொண்டு வரட்டும். போர்வை நான் கொண்டு வருகிறேன். கணப்பை மட்டும் அணைத்து வைத்துவிட்டு வாருங்கள்.