அடைப்புக்குறிக்குள் ஒரு குலம்

ஜவ்வாது மலையில் வாழும் மலையாளி மக்கள் சட்டப்படி பழங்குடியினர் ஆவர். (மலையாளி என்பது இங்குக் கேரளத்தாரைக் குறிப்பதன்று, மலைவாழ்வோர் என்பதே பொருள்.) உண்டு உறைவிடப் பள்ளி, உதவித்தொகை, ஒதுக்கீடு ஆகியவை இத்தகுதி பற்றியே அவர்களுக்குக் கிட்டுகின்றன. ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையிலும் மலையாளிகள் உள்ளனர். ஆயின் 1976ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அக்குலத்தின் பெயரை எழுதி, அருகே அடைப்புக்குறியிட்டு, தருமபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சிராப்பள்ளி என்னும் ஆறு மாவட்டங்களை மட்டும் அதனுள் வைத்தது. பர்கூர் அன்று கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. இத்தகைய வட்டார எல்லைகளை நீக்கவே அச்சட்டம் இயற்றப்பட்டது என்பதை எண்ணுங்கால் வியப்பு மிகுகிறது.

இது வெறும் சொல்லாராய்ச்சியன்று. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்படி, பழங்குடியினர் 2005 டிசம்பர் 13க்கு முன்பே நிலத்தை அனுபவித்து வந்ததாகக் காட்டுதல் போதும். ஏனையோரோ, மூன்று தலைமுறை, அஃதாவது 75 ஆண்டுகள், அங்கு வாழ்ந்ததையும் நிறுவ வேண்டும். எழுத்தறியாத பாட்டனார் எந்த ஆவணத்தை விட்டுச் சென்றிருப்பார்? முதியோர் வாக்குமூலத்தை விதிகள் ஏற்பது ஓரளவு ஆறுதல். பட்டியலில் உள்ளோருக்கும் வழி எளிதாயிருக்கவில்லை: 2008இல் சென்னை உயர்நீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால ஆணையால், நீதிமன்ற அனுமதியின்றி உரிமைப் பத்திரம் வழங்க இயலாது போயிற்று, 2016இல்தான் உச்சநீதிமன்றம் அத்தடையை நீக்கியது.

எல்லையைத் தளர்த்தினால் சமவெளியார் போலிச் சான்றிதழுடன் நுழைவர் என்பர் சிலர். அச்சம் நியாயமே, ஆயினும் போலியைக் கண்டறிய விண்ணப்பதாரரின் குலத்தை விசாரித்தல் தகுமேயன்றி, அவர் பிறந்த மாவட்டத்தைப் பார்த்து வாயிலை அடைத்தல் தகாது.

திருச்சபையார், 1950ஆம் ஆண்டு அட்டவணைச் சாதியினர் ஆணை மதத்தைக் கேட்பது குறித்துப் பல்லாண்டுகளாகப் பேசி வருகின்றனர், அது முறையே. பழங்குடியினர் பட்டியல் மதத்தைக் கேட்பதில்லை, மாவட்டத்தைக் கேட்கிறது. இதைப் பற்றி நம் மாநாடுகளில் அத்துணைப் பேச்சு எழக் காணோம்.

வட ஆற்காடு 1989இல் பிரிக்கப்பட்டது. ஜவ்வாது மலை இன்று திருவண்ணாமலை, திருப்பத்தூர் முதலிய மாவட்டங்களில் பரவிக் கிடக்கிறது. மாவட்டக் கோடுகளை மாநில அரசே மாற்றிவிடுகிறது. பட்டியலின் அடைப்புக்குறியைத் திறக்கப் பாராளுமன்றம் வேண்டும். 2023 ஜனவரியில் நரிக்குறவரும் குருவிக்காரரும் பட்டியலில் சேர்ந்தது அவ்வழியேதான்.