ஊர்ப்பெயரும் ‘இல்’லும்

பைத்தானில் இரண்டு சரங்களை இணைக்க ஒரு கூட்டல் குறி போதும். ‘திருப்பூர்’ என்பதோடு ‘இல்’ சேர்த்தால் திரையில் ‘திருப்பூர்இல்’ என்று வந்து நிற்கும். கணினிக்கு அதில் குறையே இல்லை. படிக்கிற நமக்குத்தான் கண் உறுத்துகிறது.

நன்றாக எழுதிய நிரல் இந்த இடத்தில் செய்யும் வேலை எனக்கு அவ்வளவு பிடிக்கும். யூனிகோடில் ‘திருப்பூர்’ 5 எழுத்து, ஆனால் 10 குறியீடுகள். கடைசிக் குறியீடு ரகரத்தின் மேலுள்ள புள்ளி. அதை மட்டும் நீக்கி, முழு ‘இ’க்குப் பதில் இகரக் குறியைப் போட்டால் ‘திருப்பூரில்’. கோவை, பொள்ளாச்சி என்றால் ‘இல்’லுக்கு முன் ஒரு யகரம் வேண்டும்: கோவையில், பொள்ளாச்சியில். ஈரோடு இன்னும் அழகு. உகரம் போய், டகரம் இரட்டித்து, ‘ஈரோட்டில்’.

கொங்குநாட்டவர் என்று சொல்லப்படும் பவணந்தி முனிவர், நன்னூலின் புணரியல்களில் இதையெல்லாம் 13ஆம் நூற்றாண்டிலேயே விதிகளாக வகுத்துவிட்டார். நிலைமொழியின் ஈறு, வருமொழியின் முதல், நடுவே தோன்றலா, திரிதலா, கெடுதலா என்று பார்க்கும் அந்த வரிசையை அப்படியே நிரலாக எழுதலாம். பேருந்துச் செயலியில் ‘ஈரோட்டில் இறங்கவும்’ என்று பிசகாமல் வந்தால், எழுதியவரைத் தேடிப்போய்ப் பாராட்டத் தோன்றுகிறது.